நெய்யில் இறங்கும் பச்சிலை: கஞ்சாப் பண்டங்களின் வரலாற்றில் கொழுப்பு

பச்சிலையின் சாரத்தை எதில் இறக்குவது என்னும் கேள்வி சமையலறைக்கும் மருத்துவரின் அடுப்படிக்கும் பொதுவானது. சில இலைகள் நீருக்கு இணங்கும். சில எண்ணெய்க்கு மட்டுமே இணங்கும். கஞ்சா இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதனை உண்ணும் பண்டமாக்க முற்பட்டவர்கள் பலரும் ஒரு கொழுப்பைத் தேடியே சென்றிருக்கிறார்கள். அந்தத் தேட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்க இங்கே முயல்கிறோம். பழக்கத்துக்குப் பரிந்து பேசுவது நம் நோக்கமன்று. ஒரு கரண்டி நெய்க்குள் இத்தனை வரலாறு ஒளிந்திருக்கிறதே என்ற வியப்பே நம்மை எழுதத் தூண்டியது.

கல்கத்தாவில் மருத்துவப் பேராசிரியராக இருந்த வில்லியம் புரூக் ஓ'ஷாநெஸி 1839இல் கஞ்சாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேலை மருத்துவம் இத்தாவரத்தை முறையாக அறிந்துகொண்டது அக்கட்டுரைக்குப் பிறகுதான். அதில் 'மஜூன்' என்னும் இனிப்பு செய்யும் முறையை அவர் பதிவு செய்திருக்கிறார். சொன்னவர் அமீர் என்ற கல்கத்தாக் கடைக்காரர். இலையும் நெய்யும் சம எடை, அவற்றோடு நீர், கரியடுப்பில் ஓயாத கிளறல். நீர் முழுதும் வற்றியதைப் பாத்திர விளிம்பில் உருகிய நெய் வெடிக்கும் ஓசையால் அறிவார்களாம். பிறகு சூட்டோடு துணியில் பிழிந்து, இறுகிய பச்சை நெய்யைக் கையால் நீர்விட்டுப் பலமுறை அலசிச் சாயத்தைப் போக்குவார்கள். கழுவிய நீர் தொண்டையை இறுக்கித் துன்பம் தரும் என்பது அமீரின் எச்சரிக்கை. அதன் பிறகே சர்க்கரைப் பாகும் பாலும் சேரும். ரோஜா அத்தரும் சில துளி உண்டு.

நம் வைத்தியர்கள் நெய்யும் எண்ணெயும் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. மெழுகு பதம், மணல் பதம் என்று அவர்கள் வகுத்த சொற்களெல்லாம் நீர் எவ்வளவு வற்றியது என்பதைக் கண்டறியும் அளவைகளே. வெப்பமானி இல்லாத காலத்தில் காதும் விரல்நுனியும் கருவிகளாயின. நீர் இருக்கும்வரை கலவையின் சூடு 100 பாகையைப் பெரிதும் தாண்டாது. ஆகவே இலை கருகாது. நீர் தீர்ந்ததை ஓசை சொல்லிவிடும். சாரமோ நெய்யில் தங்கிவிடும்.

இதே காலத்தில் பாரிஸ் மருத்துவர் மொரோ தெ தூர் கீழைநாடுகளில் பயணம் செய்து திரும்பியிருந்தார். 1845இல் வெளிவந்த அவரது நூல், அங்கே இலையையும் பூவையும் நீரும் புதிய வெண்ணெயும் சேர்த்துக் கொதிக்க வைத்து, வற்றியபின் துணியில் வடிப்பதைக் கூறுகிறது. அந்தக் 'கொழுப்புச் சாறு' நேரே உண்ணத்தக்க சுவையுடையதன்று. எனவே சர்க்கரையும் வாசனைப் பொருள்களும் சேர்த்து 'தாவமெஸ்க்' என்ற களியாக்கினர். கொத்தியேயும் போதலேரும் எழுதிப் புகழ்பெறச் செய்த பாரிஸ் கூட்டங்களில் பரிமாறப்பட்டது இதுவே. கல்கத்தாவின் நெய்யும் அரபு நாடுகளின் வெண்ணெயும் ஏறத்தாழ ஒரே செய்முறையில் சந்திப்பதை வாசகர் கவனிக்க வேண்டுகிறோம்.

ஆனால் ஐரோப்பிய மருந்துக்கடைகள் கொழுப்பைக் கைவிட்டுச் சாராயத்தைத் தேர்ந்தன. ஓ'ஷாநெஸியே நோயாளிகளுக்குச் சாராயத்தில் கரைத்த சாற்றைத்தான் பயன்படுத்தினார். சாறு சீசாவில் அடங்கியது, வீரியம் அடங்கவில்லை. ஒரு சரக்கு ஒன்றும் செய்யாது, அடுத்த சரக்கு ஆளைச் சாய்க்கும் என்ற குறை மருத்துவர்களிடையே நீடித்தது. பிரிட்டிஷ் மருந்துநூல் 1932இலும் அமெரிக்க மருந்துநூல் 1942இலும் கஞ்சாவை நீக்கியதற்குச் சட்டக் காரணங்களோடு இதுவும் ஒரு காரணம்.

காரணத்தின் வேர் பின்னரே தெரிந்தது. 1964இல் இஸ்ரேலில் காவோனியும் மெக்கோலமும் டி.எச்.சி. என்னும் வேதிப்பொருளைத் தனித்தெடுத்து அதன் அமைப்பை விளக்கினர். அது நீரில் கரைவது மிக அரிது. கொழுப்பில் எளிதாகக் கரையும். பச்சை இலையில் அது பெரும்பாலும் போதையற்ற அமில வடிவில் இருக்கிறது. வெப்பமே அதை மாற்றுகிறது. அமீரின் அடுப்பு இவ்விரண்டையும் ஒருங்கே செய்துவந்தது.

1954இல் வெளியான ஆலிஸ் பி. டோக்லஸின் சமையல் நூலில் ஓவியர் பிரையன் கைசின் அனுப்பிய 'ஹஷீஷ் ஃபட்ஜ்' குறிப்பு இடம்பெற்றது. அமெரிக்கப் பதிப்பகம் அதை விலக்க, பிரிட்டிஷ் பதிப்பில் அது நின்றுவிட்டது. அதிலும் வெண்ணெய் உண்டு. ஆனால் இலை அந்த வெண்ணெயில் காய்ச்சப்படுவதில்லை. பழக்கலவையின்மேல் பொடியாகத் தூவப்படுகிறது. அடுப்புக்கே போகாத அந்தப் பண்டம், 1968இல் வந்த ஒரு திரைப்படத்துக்குப் பின் மக்கள் நினைவில் சுட்ட 'பிரவுனி'யாகிவிட்டது.

அந்தப் பிரவுனிக்கு வேறொரு பொருளைத் தந்தவர் சான் பிரான்சிஸ்கோவின் மேரி ஜேன் ராத்பன். 1981இல் முதன்முறை கைதானபோது அவர் அறுபதை நெருங்கிய மூதாட்டி. பின்னர் அந்நகரப் பொதுமருத்துவமனையின் எய்ட்ஸ் பிரிவில் தொண்டராகச் சேவை செய்தார். உணவு இறங்காமல் உடல் உருகிய இளைஞர்களுக்கு அவர் சுட்டுக்கொடுத்த பிரவுனிகள் பசியை மீட்டன என்று நோயாளிகள் சாட்சி சொன்னார்கள். 1992இல் மீண்டும் கைதானார். 1996இல் கலிபோர்னியா வாக்காளர்கள் மருத்துவப் பயன்பாட்டை ஏற்றதில் அவர் முகத்துக்கும் பங்குண்டு. 1999இல் மறைந்தார்.

இன்று அனுமதியுள்ள நாடுகளில் வீட்டில் செய்வோர் நெய்யா, வெண்ணெயா, தேங்காயெண்ணெயா என்று வாதிடுகிறார்கள். வெண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே கொழுப்பு. மீதி நீரும் பாற்பொருளும், அவை எளிதில் கருகும். நெய் ஏறக்குறைய முழுக் கொழுப்பு, கடுஞ்சூடு தாங்கும். தேங்காயெண்ணெயும் அவ்வாறே முழுக் கொழுப்பு; குளிர்ந்தால் உறையும். மூன்றும் சாரத்தை ஏற்கும். ஆனால் எவ்வளவு ஏற்றது என்பதை எந்தக் கொழுப்பும் சொல்வதில்லை. உண்டது தெரிய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும். பொறுமையற்றவர் மீண்டும் உண்டு துன்புறுவதும், இனிப்பென்று நினைத்துக் குழந்தைகள் எடுத்துவிடுவதும் அங்கே மருத்துவமனைகள் அறிந்த செய்திகள். 2019இல் உண்ணும் வகையை அனுமதித்த கனடா ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி. என்று எல்லை வகுத்தது இதனாலேதான்.

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாப் பூங்கொத்தையும் பிசினையும் தடுத்தது; தனித்த இலையையும் விதையையும் வரையறைக்கு வெளியே விட்டது. வடக்கே பாங் தொடர்வது அதனால். ஆயினும் நம்மை இங்கே ஈர்ப்பது சட்டமன்று, அமீரின் ஒரு குறிப்பு. புதியவருக்கு இவ்வளவு, பழகியவருக்கு அதன் மும்மடங்கு என்று தம் இனிப்புக்கு அவர் எடை சொல்லிவைத்திருந்தார். ஒரே கடை, ஒரே கை, ஒரே அடுப்பு ஆகியவற்றால் வாய்த்த அளவு அது. நெய் உலகெங்கும் பயணம் செய்தது. அந்தக் கையறிவு உடன் செல்லவில்லை. இழந்ததை ஈடுசெய்யவே இன்று ஆய்வுக்கூடங்கள் மில்லிகிராமை எண்ணிக்கொண்டிருக்கின்றன.