ஓரறைப் பள்ளியும் ஒடுக்கப்பட்டோர் கல்வியும்

நம் திருப்பூர் நெடுங்காலம் அடங்கியிருந்த கோயம்புத்தூர் மாவட்டத்தின் தலைநகரிலேயே இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கல்வி பயின்றார். நானூறு மாணவருள் ஏறத்தாழப் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் சாதியும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சி, மணியடிக்கும் வரை வெளியே அமர்ந்திருந்து, வகுப்பு முடிந்ததும் விரைந்து வீடு திரும்பியதை, 1939இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே குறித்துள்ளார். பனியன் கம்பெனிக்குப் பிள்ளையை இளமையிலேயே அனுப்ப எண்ணும் பெற்றோர் இதனை ஒருமுறை படித்தல் நலம்.

பொதுப்பள்ளியின் வாயில் இவ்வாறு இருந்தமையால் தனிப்பள்ளிகள் எழுந்தன. 1893இல் சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்கென ஆணை பிறப்பித்தது. மறு ஆண்டில் அடையாற்றை அடுத்த ஊரூர்ப் பகுதியில் கர்னல் ஆல்காட் ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரோடு தோழமை பூண்ட அவர், 1832இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர்.

அவருடைய தாய்நாட்டில் சிற்றூர்தோறும் ஓரறைப் பள்ளிகள் இருந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், குளிர்காய ஓர் அடுப்பு. சிறு குழந்தை முதல் மீசை அரும்பிய இளைஞன் வரை ஒரே கூரையின் கீழ் அமர்வர். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையைப் போல் மூத்தோர் இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பர். அத்தகைய பள்ளிகள் சில இன்று காட்சிக்கூடங்களாகப் போற்றப்படுகின்றன.

ஆயினும் அக்கூரை எல்லோருக்கும் நிழல் தரவில்லை. தென் மாநிலங்கள் பலவற்றில் கறுப்பின அடிமைகளுக்கு எழுத்தறிவித்தலே சட்டப்படி குற்றமாக இருந்தது. அடிமைத்தளை 1865இல் ஒழிந்த பின்னரும் வெள்ளையர் பள்ளி அவர்களுக்குத் திறக்கவில்லை. புக்கர் வாஷிங்டனின் தூண்டுதலால் ஜூலியஸ் ரோசன்வால்டு எனும் வணிகர் பொருளுதவ, 1912 முதல் 1932 வரை ஏறத்தாழ 5,000 பள்ளிகள் கறுப்பின மக்களுக்கென எழுந்தன. செல்வர் கொடுத்தது ஒரு பங்கே. அம்மக்களும் காசும் நிலமும் கைவேலையும் ஈந்தனர். தம் வரிப்பணத்தில் நடந்த பள்ளி தமக்கு மூடியிருக்க, மீண்டும் தம் கையிலிருந்தே கொடுத்தனர் என்பதை மறத்தலாகாது. பொதுப்பள்ளிகளில் இனம்பிரித்தல் செல்லாது என அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல்தான்.

ஆல்காட்டைப் போற்றுவோர் அவர் வகுத்த எல்லையையும் அறிதல் வேண்டும். எழுத்து, கணக்கு, அன்றாடப் பிழைப்புக்கு உதவும் சிறிது பயிற்சி என்ற அளவிலேயே அவர் நோக்கம் நின்றது. உயர்கல்வி அத்திட்டத்தில் இல்லை. சாரா பால்மர் எனும் அமெரிக்கப் பெண்மணி மேற்பார்வையிட, இத்தகைய பள்ளிகள் சென்னையில் பெருகின. அவற்றுள் ஒன்று திருவள்ளுவர் பெயர் தாங்கியது. 1907இல் ஆல்காட் மறைந்தார். தொடக்கக் கல்வியே போதுமென்று அவர் தொடங்கிய முதற்பள்ளி, பெசன்ட் நகரில் அவர் பெயராலேயே பிற்காலத்தில் உயர்நிலைப் பள்ளியாயிற்று.