தனியார் இளநிலைப் பள்ளி (இங்கிலாந்து)

அரசு நிதியின்றி, கட்டணத்தில் இயங்கி, ஏறத்தாழ 7 முதல் 11 அல்லது 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பள்ளி. தேசியப் பாடத்திட்டம் இத்தகைய பள்ளிகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை; ஆனால் இவற்றின் தனித்தன்மை பாடத்தைவிட நேரப் பங்கீட்டிலேயே மிகுதியாகத் தெரிகிறது. காலைக் கூட்டம் முடிந்ததும் பிரெஞ்சு, அறிவியல், இசை எனப் பாடத்துக்கொரு ஆசிரியரைத் தேடி மாணவர்கள் அறை மாறுவர். வாரநாள் பிற்பகல்களிலேயே ரக்பி, ஹாக்கி, நெட்பால், கிரிக்கெட் நடக்கும். பல பள்ளிகளில் வீட்டுப்பாடத்தையும் ஆசிரியர் மேற்பார்வையில் முடித்துவிட்டே பிள்ளைகள் வீடு திரும்புகின்றனர். ஆட்டமும் இசையும் பள்ளி நேரத்துக்குள் அடங்குவதால், மாலையில் பெற்றோருக்கு ஓய்வு உண்டா என்பதைப் பொறுத்து அவை அமைவதில்லை.

இந்த வசதி நேரப் பங்கீட்டின் பயனல்ல, பணத்தின் பயன் என்பது எதிர்வாதம். திடலும் தனி ஆசிரியர்களும் கட்டணத்தால் வருபவை என்பது உண்மை. 2025 ஜனவரி முதல் அந்தக் கட்டணத்தின்மீது 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் விதிக்கப்படுகிறது. பாடத்திட்டச் சுதந்திரமும் முழுமையானதல்ல: தனியார் உயர்நிலைப் பள்ளிகளில் சேர்வதற்காக 1904-இல் தொடங்கிய பொது நுழைவுத் தேர்வு மேல்வகுப்புப் பாடங்களைப் பெரிதும் வரையறுத்தது. ஆயினும் வசதியை வாங்குவதோடு பணத்தின் வேலை முடிகிறது. இசைக்கும் ஆட்டத்துக்கும் கால அட்டவணையில் கணிதத்துக்கு இணையான இடம் தருவது பள்ளியின் முடிவு. கட்டணம் வாங்காத பள்ளிகளும் அந்த முடிவை ஓரளவு பின்பற்றலாம்.