மண்ணெண்ணெயில் ஓடின காலம்: புளியங்குளத்துக் கராஜ் ஒன்றில் இருந்து ஒரு எஞ்சின் வரலாறு

போன விடுமுறையில் நாங்கள் நாலு பேர் புளியங்குளம் சந்திக்குக் கிட்ட ஒரு கராஜில் மோட்டார் சைக்கிள் திருத்தக் குடுத்துவிட்டு வாங்கில் இருந்தம். எங்களில ஒருத்தன் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டில ஒருவர் நிண்டுகொண்டு ஓடுற பழைய ஜெற் ஸ்கீ ஒன்றை முழுசாகக் கழட்டி, கடல் அலைக்குள் பாய்ந்து விளையாடுவதற்கு ஏற்றமாதிரித் திரும்பக் கட்டுகிறார். எஞ்சினை ஸ்ராட் பண்ணின சத்தம் கேட்டதும் உள்ளே வேலை செய்துகொண்டிருந்த ஐயா ஸ்பானரோடு எழும்பி வந்திட்டார்.

"ரூ ஸ்ரோக் தானே? சத்தம் அப்பிடித்தான் கிடக்கு."

வீடியோவை முதலில் இருந்து போடச்சொல்லிப் பார்த்தார். முடிய, "அவங்கள் அலைக்குக் குடைஞ்சிருக்கிறாங்கள். நாங்கள் மண்ணெண்ணெய்க்குக் குடைஞ்சனாங்கள். வேலை ஒண்டுதான் தம்பியவை" என்றார்.

நாங்கள் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற பிள்ளைகள். எங்கட குறிப்புகளில் புளியங்குளம் என்றால் 1997. மே 13 தொடங்கின ஜெயசிக்குறு நடவடிக்கை, ஏ9 வீதியைப் பிடிக்க நடந்த சண்டை, மாதக்கணக்கில் போர்முனையாக இருந்த சந்தி. அதே ஆண்டுகளில் வன்னியில எஞ்சின்கள் எப்படி ஓடின என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஐயா சொன்ன "வேலை ஒண்டுதான்" உண்மையா என்று தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த ஜெற் ஸ்கீயைப் பார்ப்பம். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் ஈடுபாடுடைய கிளேற்றன் ஜேக்கப்சன் என்பவர்தான் நின்றபடி ஓட்டும் நீர் ஸ்கூட்டரை வடிவமைத்தார். கவசாக்கி நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வெளியில சுழலுகிற காத்தாடி கிடையாது. அடியில் இருக்கிற துவாரத்தால் தண்ணியை இழுத்து, உள்ளே சுழலும் இம்பெல்லரால் தள்ளி, பின்பக்கக் குழாயால் பீச்சி அடிக்கும். அந்தத் தள்ளலில்தான் ஓடும். 1990இல் யமஹா விட்ட சூப்பர் ஜெற்றும் பல காலம் ரூ ஸ்ரோக் எஞ்சினோடுதான் வந்தது.

அலைக்குள் ஓடுகிறவர்களுக்குக் கொம்பனி விட்ட எஞ்சின் போதாது. அலை உடைகிற இடத்தில் நுரைக்குள் காற்று கூட. இம்பெல்லர் காற்றைப் பிடித்தால் தள்ளல் இல்லாமல் எஞ்சின் வெறுமனே கத்தும். திரும்பத் தண்ணி கிடைக்கிற அந்தக் கணத்தில் உடனே இழுக்க வேணும். அதனால் சிலிண்டரின் போட்டுகளை அராவிப் பெருப்பிக்கிறார்கள். ஹெட்டைச் சீவி அமுக்கத்தைக் கூட்டுகிறார்கள். காபரேற்றர் ஜெற்றை மாற்றுகிறார்கள், இம்பெல்லரின் சரிவை மாற்றுகிறார்கள், உடலைக் கட்டையாக்கிப் பாரம் குறைக்கிறார்கள். பிறகு ஓடிப் பார்த்து, புளக்கைக் கழட்டி நிறம் பார்க்கிறார்கள். மண்ணிறம் என்றால் சரி. கறுப்பு என்றால் எரிபொருள் கூட. வெள்ளை என்றால் குறைவு, அப்படியே ஓடினால் பிஸ்ரனில் ஓட்டை விழும்.

இனி எங்கட பக்கம். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. இடையில் 1994, 95இல் கொஞ்சம் தளர்ந்தாலும், வன்னிக்குத் தடை உண்மையில் விலகினது 2002இல்தான். பன்னிரண்டு வருசம். இப்ப இதை வாசிக்கிற பலருக்கு அது பள்ளிக்கூடம் தொடங்கி முடிக்கிற காலம்.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடினது எங்கட வீடுகளில் எல்லாரும் சொல்லுகிற கதை. சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பினம். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பீச்சி, உதைத்து ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு விடுவினம். பின்னால வெள்ளைப் புகை, கண் எரியிற மணம். ஜப்பானில் தபால்காரர் ஓடிய ஹொண்டா எம்.டி.90 இங்கே வந்து ஆஸ்பத்திரிக்கும் கலியாணவீட்டுக்கும் இடப்பெயர்வுக்கும் ஓடினது இப்படித்தான்.

கதை வழமையாக இந்த இடத்தில் நின்றுவிடும். "எங்கட சனம் கெட்டிக்காரர்" என்று ஒரு வரியோடு முடியும். ஆனால் ஏன் அது ஓடினது என்று ஐயாவிடம் கேட்டபோதுதான் வரலாறு தொடங்கியது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலேசாக ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே நிற்கும், பற்றாது. அதுதான் முதலில் பெற்றோல் சொட்டு. இரண்டாவது பிரச்சினை, அமுக்கம் கூடின எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரம் தவறி வெடிக்கும். அதை "நொக் பண்ணுது" என்பினம். அதைத் தடுக்க அமுக்கத்தைக் குறைக்க வேணும். ஹெட்டுக்குக் கீழே ஒரு காஸ்கெற்றுக்குப் பதிலாக இரண்டு போட்டு ஹெட்டை உயர்த்தினார்கள். தீப்பொறி விழுகிற நேரத்தைக் கொஞ்சம் பிந்த வைத்தார்கள். காபரேற்றரில் இருக்கிற பித்தளை ஜெற்றின் துவாரத்தை ஈயம் வைத்து அடைத்து, ஊசியால் வேறு அளவுக்குத் திறந்தார்கள். பிறகு ஓடிப்பார்த்துப் புளக்கின் நிறம் பார்த்தார்கள்.

வீடியோவில் அந்த வெளிநாட்டுக்காரர் செய்ததும் இதே இடங்களில்தான். ஹெட், ஜெற், தீப்பொறி நேரம், புளக். வித்தியாசம் திசையில். அவர் அமுக்கத்தைக் கூட்டினார், எங்கட ஆக்கள் குறைத்தார்கள். அவர் எஞ்சினுக்குள் ஒளிந்திருக்கிற கடைசிப் பலத்தையும் வெளியில எடுக்கப் பார்த்தார். இவையள் பலம் போனாலும் பரவாயில்லை, நிற்காமல் ஓடினால் காணும் என்று பார்த்தார்கள். எஞ்சினைப் பற்றின அறிவு இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த அளவுக்கு ஐயா சொன்னது சரி.

இந்த அறிவு தடையோடு திடீரென்று முளைத்ததும் இல்லை. பிரித்தானியாவில் போர்க்காலத்துக்கு முன்னும் பின்னும் ஃபேர்கசன், ஃபோர்ட்சன் ட்ராக்டர்கள் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடின. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மற்றத் தாங்கிக்குத் திருப்புவார்கள். அதே முறையில் வேலை செய்யும் மண்ணெண்ணெய் வாட்டர் பம்புகள் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கும் வன்னிக் கமங்களுக்கும் தடைக்கு எவ்வளவோ காலம் முன்பே வந்துவிட்டன. கரையோரத்தில் மீனவர்களின் வெளியிணைப்பு எஞ்சின்களிலும் மண்ணெண்ணெய்க்கென்றே செய்யப்பட்டவை இருந்தன. ஆக, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணி இறைத்த கமக்காரனுக்குப் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓட்டுற வித்தை முதலே தெரியும். தடைக்காலத்தில் நடந்தது, தோட்டத்தில் இருந்த அறிவு றோட்டுக்கு வந்தது.

1995 ஒக்ரோபர் 30 வலிகாமம் இடப்பெயர்வும், அதன் பின் சனம் வன்னிக்கு வந்ததும் இந்த அறிவை இன்னொருக்கால் நகர்த்தியது. சனத்தோடு மெக்கானிக்குகளும் வந்தார்கள். கிளிநொச்சியும் 1996 செப்ரெம்பரில் இராணுவத்திடம் போக, மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று இன்னும் உள்ளே போனார்கள். லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஆடு, மாடு, நெல்மூட்டையோடு வைஸ், துளைக்கிற மெசின், பழைய றிங்குகள் நிரப்பின தகரப்பேணி எல்லாம் ஏற்றினார்கள். ஒரு கராஜ் நாலைந்து ஊர்களில் இருந்திருக்கிறது. "கொட்டில் போடுற அண்டைக்கே ஆரும் ஒரு ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திடும்" என்றார் ஐயா.

புளியங்குளத்தில் கடல் இல்லை. ஆனால் இங்கிருந்து கிழக்கே போற றோட்டு நெடுங்கேணி தாண்டி முல்லைத்தீவுக் கரைக்குப் போகும். வாடைக் காலத்தில் அங்கே அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் போட் கடலுக்குள் இறங்க வேணும். அந்த நேரத்தில் எஞ்சின் இருமினால் போட் குறுக்கே திரும்பும், அடுத்த அலை கவிழ்க்கும். எங்களில் ஒருத்தியின் மாமா அந்தக் கரையில தொழில் செய்கிறவர். வீடியோவைக் காட்டினபோது அவர் ஜெற் ஸ்கீயின் பாய்ச்சலைக் கவனிக்கவே இல்லை. "நுரைக்குள்ள விட்டுப்போட்டுத் திரும்ப எவ்வளவு கெதியாப் பிடிக்குது பார்" என்றார். விளையாட்டுக்காரன் தேடுகிறதும் தொழிலாளி தேடுகிறதும் அந்த ஒரு கணம்தான். அவனுக்குத் தவறினால் நனைவான். இவருக்குத் தவறினால் வலையும் எஞ்சினும் போகும், சிலவேளை ஆளும்.

இவ்வளவும் எழுதினபிறகு எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை வந்தது. இதைப் பெருமையாக எழுதலாமா? எங்களில் ஒருத்தியின் அம்மா இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை வாசித்துவிட்டுச் சொன்னது: "ஓடினது எண்டு எழுதுறியள். அந்த ஒரு லீற்றர் எங்கயிருந்து வந்தது எண்டு எழுதேல்லையே."

அதே மண்ணெண்ணெய்தான் வீட்டு விளக்குக்கும். எண்ணெயைச் சேமிக்க ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துக் கொஞ்ச எண்ணெய் ஊற்றி எரித்த விளக்கில்தான் அம்மா சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்திருக்கிறா. அப்பு மிளகாய்க்கு இறைக்கப் பம்புக்கு ஊற்றுகிற நாளில் படிப்பு பொழுதுபடுகிறதோடு முடியும். எஞ்சினுக்கும் சேதம்தான். ஃபோ ஸ்ரோக் எஞ்சினில் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எண்ணெயைத் தண்ணியாக்கும், பேரிங் தேயும். மாற்றச் சாமான் தடைப்பட்டியலில். எத்தனை நோயாளிகளைப் பாதி வழியில் இறக்கி உருட்டிக்கொண்டு போனார்கள் என்று எந்தப் பதிவும் இல்லை. ஓடாமல் நின்ற எஞ்சின்களுக்குக் கதை சொல்ல ஆள் இல்லாதபடியால்தான் ஓடினவற்றின் கதை இவ்வளவு அழகாக இருக்கிறது.

ஆகவே கெட்டித்தனத்தை மட்டும் பாடினால், சனத்தை அந்த நிலைக்குத் தள்ளின தடை ஏதோ ஒரு மழை வெயில்போல இயற்கையாக வந்த சங்கதி ஆகிவிடும். தடையை மட்டும் எழுதினால், அதற்குள் வேலை செய்த கைகள் காணாமல் போகும். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேணும் என்பதுதான் எங்கட முடிவு.

2022இல் இதை நாங்களே கொஞ்சம் பார்த்தம். பெற்றோல் வரிசை, கியூ.ஆர். அட்டை, நாள்கணக்கில் காத்திருப்பு. தெற்கில் இருந்த நண்பர்களுக்கு அது வாழ்க்கையில் முதல்தரம். எங்கட வீடுகளில் பெரியவர்கள் அவசரப்படாமல் சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள். அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்குப் போனது. மண்ணெண்ணெய் எஞ்சினோடு கடலுக்குப் போகிற முல்லைத்தீவுக் குடும்பங்களுக்கு அது கடலை மூடினமாதிரி. எரிபொருள் விலை எங்கட பிரதேசத்தில் எப்பவும் எஞ்சினுக்குள் மட்டும் எரிகிறதில்லை.

அந்த ஜெற் ஸ்கீக்காரர் தான் செய்த ஒவ்வொரு அளவையும் வீடியோவில் சொல்லி வைத்திருக்கிறார். ஹெட்டை எவ்வளவு சீவினார், எந்த இலக்க ஜெற் போட்டார், எல்லாம். இன்னும் ஐம்பது வருசம் கழித்தும் ஒருவர் அதைப் பார்த்துச் செய்யலாம். வன்னியில் அதே வேலையைப் பன்னிரண்டு வருசம் செய்தவர்களின் அளவுகள் அவரவர் கையில் மட்டும் இருக்கின்றன. 2009இல் கருவிகளும் போயின, கொப்பிகள் இருந்திருந்தால் அவையும் போயின, ஆக்கள் பலரும் போனார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு இப்ப அறுபது, எழுபது வயது.

வாசிக்கிற உங்களிடம் ஒரு கேள்வி மட்டும். உங்கட வீட்டில், ஒழுங்கையில், அந்தக் காலத்தில் எஞ்சின் திருத்தின ஒருவர் கட்டாயம் இருப்பார். "ஓடினதா?" என்று கேட்காமல் "என்ன மாத்தினீங்கள், எவ்வளவு மாத்தினீங்கள், பிழைச்ச இடம் எது?" என்று கேட்டு எழுதி வையுங்கோ. வீட்டில் எண்ணெயைப் பங்குபோட்ட அம்மாமாரிடமும் கேளுங்கோ. கணக்கு வைத்திருந்தது அவையள்தான்.

நாங்கள் வெளிக்கிடும்போது ஐயா ஒரு பழைய பால்மாப் பேணியைத் தட்டிக் காட்டினார். உள்ளே ஈயம் வைத்த பித்தளை ஜெற்றுகள், முப்பது நாற்பது இருக்கும். எது எந்த எஞ்சினுக்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த கிழமை கொப்பியோடு திரும்பப் போகிறம்.