தாகூரின் குறிப்பேடு

1912 மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்துக்குப் புறப்படவிருந்த தாகூர் நோயுற்றார், பயணம் தடைப்பட்டது. பத்மா நதிக்கரையிலுள்ள சிலைதாவில் ஓய்ந்திருந்த அவர், புதிதாக எழுத உடல்வலிமை இன்மையால், தம் வங்கப் பாடல்களைச் சிறு குறிப்பேடு ஒன்றில் ஆங்கில உரைநடையாக்கினார். புகழை நாடியன்று, உள்ளத்தை ஆற்றிக்கொள்ளவே. ஏடு நிறைந்தது, பிறிதோர் ஏட்டில், கப்பலிலும் அப்பணி தொடர்ந்தது.

இலண்டனில் பாதாள இரயிலிலிருந்து இறங்கிய மைந்தர் ரதீந்திரநாதர், அம்மொழிபெயர்ப்புகள் இருந்த கைப்பெட்டியை மறந்துவிட்டார்! தொலைந்த பொருள்களைக் காக்கும் அலுவலகத்தில் அது பழுதின்றிக் கிடைத்தது. அதனைக் காத்து வைத்தவர்க்கு வங்கம் மட்டுமா, நாமும் கடன்பட்டோரே. ஓவியர் ரோதன்ஸ்டைன் அதனைப் படித்து வியந்து, கவிஞர் யேட்சுக்கு அறிமுகம் செய்தார். நவம்பரில் இந்தியா சொசைட்டி 'கீதாஞ்சலி'யை 750 படிகள் அச்சிட்டது. 1913இல் நோபல் பரிசு. ரோதன்ஸ்டைனிடம் தந்த கையெழுத்துப்படி இன்று ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.