இளம் ரேடியோ மண்டலங்களின் காமாக் கதிர்: பிறப்பிடம் மடலா, தாரையா?

இளம் ரேடியோ விண்மீன் மண்டலங்கள் உமிழும் காமாக் கதிர் அவற்றின் மடல்களில் பிறக்கிறது என்ற கருத்து 2008 முதல் ஆய்வுலகில் செல்வாக்குடன் இருந்து வருகிறது. கோட்பாடாக அது அழகானது. ஆனால் இதுவரை கிடைத்துள்ள அவதானிப்புகள் அதற்குப் போதிய வலுச் சேர்க்கவில்லை என்றே கருதுகிறேன்.

கோட்பாட்டை முதலில் பார்ப்போம். மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளை இரு புறமும் தாரைகளை வீசுகிறது. தாரைகள் சுற்றியுள்ள வாயுவில் மோதித் தேங்குமிடத்தில் மடல்கள் உருவாகின்றன. இளம் மண்டலங்களில் இந்த அமைப்பு முழுவதும் ஒரு கிலோபார்செக்குக்குள் அடங்கிவிடும். ஆகவே மடல்கள் கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டுக்கு மிக அருகில் இருக்கின்றன. வட்டின் புற ஊதா ஃபோட்டான்களும் தூசு வளையத்தின் அகச்சிவப்பு ஃபோட்டான்களும் மடலிலுள்ள அதிவேக எலெக்ட்ரான்களோடு மோதி, தலைகீழ் காம்ப்டன் சிதறலால் காமா ஆற்றலுக்கு உயர்கின்றன. மடல் விலக விலக, ஃபோட்டான் அடர்த்தி தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். எனவே இளமை கூடினால் காமா ஒளிர்வும் கூட வேண்டும். ஸ்டாவார்ஸ் குழுவினர் இதை 2008-இல் விரிவாகக் கணித்துக் காட்டினர். அதே ஆண்டு ஜூனில், காமாக் கதிரைத் தேடும் ஃபெர்மி விண்கலம் ஏவப்பட்டது. மடல் கதிர்வீச்சு எல்லாத் திசையிலும் பரவுவது. ஆகவே கணிப்பு சரியென்றால், தாரை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் இத்தகைய மண்டலங்கள் பல ஃபெர்மிக்குத் தென்பட வேண்டும். அவற்றின் ஒளிர்வும் நிலையாக இருக்க வேண்டும்.

காத்திருப்பு எட்டு ஆண்டு நீண்டது. மிலியோரி குழுவினர் ஏழாண்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, பி.கே.எஸ். 1718−649 என்ற மண்டலத்தில் காமாக் கதிரை 2016-இல் அறிவித்தனர். ஐயத்துக்கிடமற்ற ஓர் இளம் ரேடியோ மண்டலத்தில் காமாக் கதிர் கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. அது சுமார் 20 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் ரேடியோ அமைப்பு ஏறத்தாழ 2 பார்செக் நீளமே. மடல்கள் ஒன்றையொன்று விட்டு விலகும் வேகத்தை அளந்த ஆஞ்ஜியோனி குழுவினர் (2019) அதன் வயதை 70±30 ஆண்டு என மதிப்பிட்டனர். நம் தாத்தா காலத்தில் தொடங்கிய தாரை அது. அதன் ஒளி நம்மை எட்ட எடுத்த காலம் தனிக்கணக்கு.

இங்கே ஒரு சிக்கலைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஒரு ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஃபெர்மியின் கோணப் பிரிதிறன் ஏறத்தாழ ஒரு பாகை. அந்தத் தொலைவில் ஒரு பாகை என்பது சுமார் பத்து லட்சம் பார்செக். பல ஃபோட்டான்களைக் கொண்டு மூலத்தின் இடத்தை அதில் பத்திலொரு பங்காகக் குறுக்கினாலும் ஒரு லட்சம் பார்செக் எஞ்சும். மடலின் அளவோ 2 பார்செக். காமாப் படத்தைக் கொண்டு மடலையும் தாரையின் அடியையும் பிரித்தறிய வழியே இல்லை. மடல் மாதிரி நிறமாலைக்குப் பொருந்துகிறது என்பது உண்மை. அந்தப் பொருத்தம் மட்டும் பிறப்பிடத்தை நிறுவிவிடாது.

அடுத்து வந்த இரு மண்டலங்கள் வேறு திசையைக் காட்டுகின்றன. என்.ஜி.சி. 3894-இல் பிரின்சிபே குழுவினர் (2020) கண்ட கதிர், நம் பார்வைக்கோட்டை ஒட்டிச் சாய்ந்த, ஓரளவு வேகமான தாரையோடு இசைகிறது. டி.எக்ஸ்.எஸ். 0128+554 இன்னும் தெளிவான சான்று. லிஸ்டர் குழுவினரின் ரேடியோ படங்களில் உள்தாரைக்கும் வெளி மடலுக்கும் இடையே ஓர் இடைவெளி தெரிகிறது. சுமார் 80 ஆண்டு வயதுள்ள இந்த அமைப்பில் தாரை இடையில் நின்று, அந்தப் படங்களுக்குச் சுமார் பத்தாண்டுக்கு முன்தான் மீண்டும் கிளம்பியிருக்கிறது. காமாக் கதிர் உள்தாரைப் பகுதியிலிருந்தே வருவதாகத் தோன்றுகிறது என்பது அவர்கள் முடிவு. என் வாதத்துக்கு இதுவே முதன்மைச் சான்று.

எண்ணிக்கைக் கணக்கும் மடலுக்குச் சாதகமாக இல்லை. 162 இளம் ரேடியோ மூலங்களை 11 ஆண்டுக்கு மேற்பட்ட தரவில் தேடிய 2021 ஆய்வில் 11 மட்டுமே தென்பட்டன. அவற்றில் 7 குவேசார்கள். 3சி 380 போன்ற குவேசார்களில் தாரை நம்மை நோக்கியிருப்பதால் அதன் ஒளிர்வு டாப்ளர் விளைவால் பெருகித் தெரிகிறது. இளமைக்கு அதில் பங்கு குறைவு. மீதி 4 மட்டுமே மண்டலங்கள். தென்படாதவற்றின் தரவுகளை ஒன்றாக அடுக்கிக் கூட்டியபோதும் குறிப்பிடத்தக்க கதிர் எதுவும் எழவில்லை. இளமை தன்னளவில் காமா ஒளிர்வைத் தருமானால் இந்தக் கூட்டலிலாவது அது எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

கருவியின் உணர்திறன் போதவில்லை, தொலைவு அதிகம் என்று மடல் தரப்பினர் சொல்லலாம். அது நியாயமான மறுப்பே. தாரையின் ஆற்றல் சற்றுக் குறைந்தாலோ, மடலின் காந்தப்புலம் வலுவாக இருந்தாலோ காமாப் பங்கு சுருங்கிவிடும். ஆனால் அப்படி ஒப்புக்கொண்டால், இளம் மடல்கள் பொதுவாகவே காமாவில் ஒளிரும் என்ற முதல் கூற்று கைவிடப்படுகிறது. எஞ்சுவது, சில மடல்கள் சில நிலைமைகளில் ஒளிரக்கூடும் என்ற மெலிந்த கூற்றுதான்.

தீர்ப்பு சொல்லக்கூடிய அளவுகோல் கால மாறுபாடு. 2 பார்செக் என்பது 6.5 ஒளியாண்டு. அத்தனை பெரிய மடல் முழுவதும் ஒளிர்ந்தால் அதன் ஒளிர்வு சில மாதங்களில் ஏறியிறங்க முடியாது. தாரையின் அடியோ அப்படி மாறக்கூடும். ஆகவே காமா மாறுபாட்டைத் தாரை அடியின் மாற்றத்தோடு ஒப்பிட, இந்த நான்கு மண்டலங்களையாவது ஃபெர்மி இயங்கும் காலத்திலேயே ரேடியோ குறுக்கீட்டு வலையமைப்புகள் ஆண்டுதோறும் தவறாமல் படமெடுக்க வேண்டும். அதுவரை, காமா ஒளிர்வை வைத்து இளம் மடல்களின் எலெக்ட்ரான் ஆற்றலைக் கணக்கிடுவதை ஆய்வாளர்கள் தவிர்ப்பது நல்லது.