கோஷா வைத்தியசாலையும் கலாசாலைக் கதவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை நகரில் அரசினர் வைத்தியசாலைகள் இருந்தன. தேர்ந்த வைத்தியர்களும் இருந்தனர். இருந்தும், பிரசவ வேதனையில் துடித்த பெண்கள் பலர் வைத்தியரின் முகத்தையே காணாமல் மாண்டனர். கோஷா காத்த முஸ்லிம் குடும்பங்களும் உயர்குல இந்துக் குடும்பங்களும் ஆண் வைத்தியரை உள்ளறைக்குள் விடமாட்டா. சாவு வரினும் வரட்டும், அந்நிய ஆடவன் வரலாகாது என்றிருந்த காலம் அது. சம்மாந்துறை, கல்முனைப் பகுதி நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. உம்மம்மாமார் சொல்லக் கேட்டிருப்பர்.

மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது, வழக்கறிஞரான தம் கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்தவர். கணவரின் எழுத்தர்கள் வாயிலாக இத்துயரங்களைக் கேள்வியுற்று, முதலில் பிரசவ வைத்தியசாலையில் மருத்துவிச்சித் தொழில் பயின்றார். அது போதாதெனக் கண்டார். சென்னை மருத்துவத் துறைத் தலைவர் எட்வர்ட் பால்பரின் ஆதரவினால், 1875இல் மருத்துவக் கல்லூரி அவரையும் வேறு மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அவ்வேளை இங்கிலாந்தின் எந்தப் பல்கலைக்கழகமும் பெண்ணுக்கு வைத்தியப் பட்டம் வழங்கியதில்லை. ஆண்டவர் நாட்டில் பூட்டிக் கிடந்த கதவு, ஆளப்பட்டவர் நாட்டில் திறந்தது!

1878இல் இங்கே சித்தியெய்திய ஷார்லீப், லண்டன் சென்று 1882இல் பட்டமும் பெற்று, மறு ஆண்டே சென்னைக்கு மீண்டார். 1885இல் சாதி, கோஷா மகளிர்க்கான வைத்தியசாலை அவர் முயற்சியால் தோன்றியது. வெங்கடகிரி அரசர் ஓர் இலட்சம் ரூபாய் உதவ, 1890இல் சேப்பாக்கத்தில் அதற்குத் தனிக் கட்டடம் அமைந்தது. பெண் வைத்தியர் இருக்கிறார் என்றறிந்ததும் மூடு வண்டிகள் வாயிலுக்கு வரலாயின. ஆயினும் அதன் பெயரையே சற்று உற்றுநோக்க வேண்டும். சாதியும் கோஷாவும் உடைய மகளிர்க்கு அப்பெயரில் இடமுண்டு. அவை இரண்டுமற்ற ஏழைப் பெண்ணுக்கு இல்லை.

கடலுக்கப்பால் அமெரிக்காவிலும் இதே பூட்டுத்தான். ஆங்கே சாவி தோலின் நிறத்தில் இருந்தது. அடிமைத் தாய்க்கு 1813இல் பிறந்த ஜேம்ஸ் மக்கியூன் ஸ்மித்தைத் தாய்நாட்டுக் கல்லூரிகள் ஏற்க மறுத்தன. அவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ சென்று, 1837இல் வைத்தியப் பட்டம் பெற்றுத் திரும்பினார். அப்பட்டத்தைப் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பர் அவரே. நியூயோர்க்கில் கறுப்பின அனாதைச் சிறாரின் நிலையத்துக்கு நெடுங்காலம் வைத்தியராயிருந்தார். தாதியாக உழைத்த ரெபெக்கா லீ கிரம்ப்ளர் 1864இல் பட்டம் பெற்றார். உள்நாட்டுப் போர் முடிந்தபின் ரிச்மண்ட் நகரம் சென்று, விடுதலையான அடிமைகளுக்குச் சிகிச்சை செய்தார். வேறு வைத்தியர் தீண்டத் தயங்கிய நோயாளரை நாடிச் சென்றவர்கள் இவர்கள்.

சென்னையில் அத்தகைய ஒருவர் தோன்றப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியின் தாயார் தேவதாசிக் குலத்தவர். அக்குலத்துப் பெண், ஆண்கள் பயிலும் கல்லூரியில் அமர்வதா என்ற எதிர்ப்பை மன்னரின் ஆணையே அடக்கிற்று. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கற்ற முதல் இந்தியப் பெண் அவர் எனச் சிலர் எழுதுவர், அது சரியன்று. கிருபாபாய் 1878இலும், வங்கத்தில் இடம் கிடைக்காத அபலா தாஸ் 1882இலும் அங்கே சேர்ந்திருந்தனர். இருவர் படிப்பும் முற்றுப்பெறவில்லை. முத்துலட்சுமியோ 1912இல் சிறப்புடன் தேறினார். தம் வகுப்பில் பெண்களை அனுமதியாத அறுவை வைத்தியப் பேராசிரியர் ஒருவர், அவர் பெற்ற புள்ளிகளைக் கண்டு மனம் மாறினார் என்பர்.

இலங்கையில், 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறக்க 1892 ஆயிற்று. இன்று குடும்பநல மருத்துவிச்சி ஊர்தோறும் வீடு வீடாகச் சென்று கருவுற்ற தாய்மாரைப் பதிவுசெய்கிறார். சாதியும் மதமும் அவர் பதிவேட்டில் தடையல்ல.

சேப்பாக்கத்து வைத்தியசாலை பின்னர் கஸ்தூரிபா காந்தியின் பெயரைப் பெற்றது. எவ்வகுப்புப் பெண்ணும் இன்று அங்கே செல்லலாம். திருவல்லிக்கேணி மக்கள் மட்டும் அதனை இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கின்றனர்.