கிடுகு

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையூர்களிலே, தென்னோலையை நடுமட்டையோடு இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பதமானபின் பெண்கள் நிலத்திற் குந்தியிருந்து ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிப் பின்னியெடுக்கும் கூரைத் தட்டுக்குக் கிடுகு என்பது பெயர் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். அச்சொல்லே பிராசீன காலத்தில் போர்வீரனுடைய கேடயத்துக்கும் பெயராய் வழங்கியது என்பதை அறிந்தவர் நம்மிற் சிலரே. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி இவ்விரு பொருளையும் தருகின்றது.

பட்டினப்பாலையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் குடியிருப்பை வருணிக்குமிடத்து, நெடிய தூண்டிற்கோல்கள் சார்த்தப்பட்ட குறுங்கூரை வீடுகளுக்கு, கிடுகுகளை நிரையாக நிறுத்தி வேல்களை ஊன்றி நடுகல்லைச் சுற்றி அமைத்த அரணை உவமை கூறுகின்றார். மீனவர் வீடும் மாண்ட வீரனின் கல்லும் ஒரே உவமையில் அருகருகே நிற்பதைக் காணுந்தோறும், கடற்கரையில் வாழும் என் மனம் பெரிதும் மகிழ்கின்றது.

போர்க்காப்புகளின் வேறு பெயர்களுக்குக் காரணம் வெளிப்படை. விலங்கின் தோலாற் செய்தமையின் கேடயம் தோல் எனப்பட்டது. அம்பு பாய்ந்து துளைபட்ட அத்தோல்கள், எய்து பழகும் இலக்குகளைப்போலத் தோன்றின என்று புறநானூற்றின் நான்காம் பாட்டிலே பரணர் காட்டுகின்றார். உடலை மறைக்கும் கவசமோ மெய்ம்மறை. பதிற்றுப்பத்துப் புலவர்கள், தம் வீரருக்கு முன்னின்று காக்கும் சேர வேந்தனையே அப்பெயரால் அழைத்தனர். கிடுகின் காரணம் இவைபோல் வெளிப்படையன்று. பின்னிய சட்டம் என்பதே அதன் ஆதிப்பொருள் என்பது என் அபிப்பிராயம்: பின்னல் மழையைத் தடுத்தால் கூரை, அம்பைத் தடுத்தால் கேடயம், இரண்டிடத்தும் தொழில் மறைத்தலே.

பின்னாளில் வடமொழிக் கேடகம் கேடயமாய்த் தமிழிற் புகுந்து, யுத்தகளப் பொருளை முழுதும் தனதாக்கிக்கொண்டது. ரமழான் மாதத்துப் பயான்களில், நோன்பு ஒரு கேடயம் என்ற நபிமொழியை விளக்கும் மௌலவிமாரும், ஜுன்னா என்னும் அறபுச் சொல்லுக்கு இச்சொல்லையே பிரயோகிக்கின்றனர். கிடுகுக்கு எஞ்சியவை கூரையும் வேலியும். அவற்றிலும் இன்று தகரமும் ஓடும் மதிற்சுவரும் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டமையால், கடற்கரை வாடிகளிலும் வளவு வேலிகளிலுமே அச்சொல்லின் வழக்கு மிகுதியாய் நிலைத்திருக்கின்றது.